நீலவேந்தனும் எதிர்க்கரைப் பகைவனும்

ஒரு கண்ணாடித் தொட்டிக் கடலில் நீல மீன் ஒன்றும், நண்டு ஒன்றும், நத்தை ஒன்றும் வாழ்ந்துவந்தன.

அந்தத் தொட்டி தூத்துக்குடியில் ஒரு வீட்டின் கூடத்தில் இருந்தது. வாசலில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் நிஜமான கடல். ஆனாலும் வீட்டுக்காரர் இன்னாசி கடையில் உப்புப் பொட்டலம் வாங்கி வந்து, வாளியில் கரைத்து, அளவு பார்த்து, கூடத்துக்குள் தனியாக ஒரு கடல் செய்து வைத்திருந்தார். அலைக்கு ஒரு மோட்டார். வெயிலுக்கு ஒரு விளக்கு. நடுவில் ஒரு பாறை. பாறை நிறையப் பொந்துகள்.

நீல மீன் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். வால் மட்டும் மஞ்சள். கடையில் இருந்தவரை அதற்குப் பெயர் இல்லை. இங்கே வந்ததும் நீலவேந்தன் என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டது.

நீலவேந்தன் படுப்பது ஒரே ஒரு பொந்தில். ஆனால் எல்லாப் பொந்துகளும் தன்னுடையவை என்றது. பாறை தன்னுடையது. மணல் தன்னுடையது. பாறையின் உச்சியில் வளர்ந்த பச்சைப் பாசியும் தன்னுடையது. அதைத் தோட்டம் என்று அழைத்தது. தனக்குப் பிடிக்காத பாசி ஓர் இழை முளைத்தாலும் வாயால் பிடுங்கி, எல்லைக்கு வெளியே கொண்டுபோய்த் துப்பும். எல்லை எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நீலவேந்தன் துப்புகிற இடம்தான் எல்லை.

நத்தைக்குத் தொட்டியின் கண்ணாடிச் சுவரைச் சுரண்டித் துடைப்பது வேலை. அது ஒருநாள் பாறைக்கு அருகே ஊர்ந்து வந்தது.

“நில்!” என்று பாய்ந்தது நீலவேந்தன். “யாரைக் கேட்டு இந்தப் பக்கம் வந்தாய்?”

“நேற்றும் இதே வழியாகத்தான் வந்தேன்.”

“நேற்றும் கேட்கவில்லை!”

“நேற்று நீ கத்தி முடிப்பதற்குள் நான் இந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டேன். நானே தாண்டிவிட்டேன் என்றால் நீ எவ்வளவு நேரம் கத்தியிருக்கிறாய் என்று பார்த்துக்கொள்.”

“இந்தக் கடலுக்கு முதன்முதலில் வந்தவன் நான்! தெரியுமா உனக்கு?”

“தெரியும். புதுத் தண்ணீர் உயிரைக் கொல்லுமா, கொல்லாதா என்று பார்க்க ஒரு மீன் வேண்டியிருந்தது. செத்தாலும் பரவாயில்லை என்று, இருப்பதிலேயே விலை குறைந்த மீனாகப் பார்த்து வாங்கி விட்டார்கள்.”

நீலவேந்தன் கொஞ்சம் யோசித்தது.

“அதாவது, என்னை நம்பித்தான் இந்தக் கடலையே திறந்தார்கள்!” என்றது.

“ஆகா! என்ன விளக்கம், தலைவரே!” என்று கீழே மணலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

அது நண்டு. முதுகுக்குச் சொந்த ஓடு இல்லாத நண்டு. செத்துப்போன சங்கின் கூட்டுக்குள் உடம்பைத் திணித்து, அதையே சுமந்து திரியும் வகை. அதற்குப் பாசி என்றால் உயிர். ஆனால் தோட்டத்தில் கால் வைத்தால் நீலவேந்தன் அந்தக் காலைக் கடித்துவிடும். ஆகவே நண்டு கீழேயே நின்று நீலவேந்தனைப் புகழ்ந்துகொண்டிருந்தது. என்றாவது ஒருநாள் பலன் கிடைக்கும் என்று அதற்குத் தெரியும்.

ஒரு மாதத்துக்கு முன் இன்னாசி ஒரு மஞ்சள் மீனைக் கொண்டுவந்து விட்டிருந்தார். நீலவேந்தன் அதை ஒரு பொந்திலும் நுழையவிடவில்லை. துரத்தியது. கடித்தது. மறுபடியும் துரத்தியது. கடைசியில் மஞ்சள் மீன் தண்ணீரைவிட்டே வெளியே தாவிவிட்டது. சோபாவுக்குப் பின்னால் அதைக் கண்டெடுத்தபோது வற்றலாகக் காய்ந்திருந்தது.

“அது சொந்த விருப்பத்தின் பேரில் விலகிக்கொண்டது!” என்று நீலவேந்தன் அறிவித்தது.

“அதுவும் மனநிறைவோடு, தலைவரே!” என்றது நண்டு.

இப்போது இன்னாசி இன்னொரு மீனைக் கொண்டுவந்தார். முன்பாதி பால் வெள்ளை. பின்பாதி நெருப்புச் சிவப்பு. முதுகில் கொடிக்கம்பம் போல நீண்ட ஒரு துடுப்பு. அதன் பெயர் செவ்வாலி. பழைய தண்ணீரும் புதுத் தண்ணீரும் ஒத்துப்போகட்டும் என்று, அதை நெகிழிப் பையோடு தொட்டியில் மிதக்கவிட்டார்.

நீலவேந்தன் பையை முட்டியது. “யார் இது?”

“பையோடு வந்திருக்கிறாள், தலைவரே!” என்றது நண்டு. “நிரந்தரமாகத் தங்குகிற எண்ணம் போல!”

பை திறந்தது. செவ்வாலி தயங்கித் தயங்கி வெளியே வந்தது.

“ஐயா, வணக்கம். படுக்க எனக்கு ஒரு பொந்து போதும்.”

“கிடையாது!”

“இத்தனை பொந்துகள் காலியாக இருக்கின்றனவே?”

“காலியாக இருப்பதும் என்னுடையதுதான்!”

“அதோ, கடைசியில் இருக்கிற அந்தச் சின்னப் பொந்து? அதில் யாரும் இல்லையே?”

“அதில் நான் இல்லாமல் இருக்கிறேன்! அந்த உரிமையை உனக்கு விட்டுத்தர முடியாது!”

சொல்லிவிட்டுப் பாய்ந்தது. செவ்வாலியின் துடுப்பு ஓரத்தில் கிழிந்தது. அது பாறைக்குப் பின்னால் ஓடியது, அங்கேயும் நீலவேந்தன். மணலுக்கு ஓடியது, அங்கேயும் நீலவேந்தன். கடைசியில் தண்ணீரின் மேற்பரப்பில், குழாய்க்குப் பக்கத்தில், மூலையோடு மூலையாக ஒட்டிக்கொண்டது. உணவு போட்டபோதும் கீழே இறங்க முடியவில்லை. மறுநாளும் அப்படியே. செவ்வாலி போன்ற மீனுக்கு ஒளிய ஒரு பொந்து இல்லாவிட்டால் ரொம்ப நாள் தாங்காது.

நத்தை அந்த மூலையைச் சுரண்டிக்கொண்டே வந்தது.

“ஏன் மேலேயே பார்க்கிறாய்?” என்று கேட்டது. “மேலே கடல் கிடையாது. முடிந்துவிட்டது.”

“கீழே இருந்தால் நான் முடிந்துவிடுவேன், அக்கா.”

“மஞ்சள் மீனும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தது.”

“இப்போது அது எங்கே?”

நத்தை பதில் சொல்வதற்குள் நீலவேந்தன் கீழேயிருந்து அம்பு போல வந்தது. செவ்வாலி தண்ணீரைவிட்டு வெளியே தாவிவிட்டது.

அந்த நேரம் இன்னாசியின் மனைவி ஜெசிந்தா தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். செவ்வாலி அவர் மடியிலிருந்த கீரைத் தட்டில் வந்து விழுந்து துடித்தது.

“ஏங்க! இங்க வாங்க! கீரைக்குள்ள மீனு விழுவுது!”

கத்திக்கொண்டே அதை இரண்டு கையாலும் அள்ளித் தொட்டிக்குள் விட்டார். நாலு கீரை இலையும் கூடவே போனது. இன்னாசி ஓடிவந்தார்.

“இங்க பாருங்க,” என்றார் ஜெசிந்தா. “போன மாசம் ஒண்ணு வத்தலாப் போச்சு. இதுவும் போச்சுன்னா, அந்தத் தண்ணிய இறைச்சு ஊத்திட்டு அதுல நான் மாங்கா ஊறப் போட்டுருவேன்.”

“அந்த நீலப் பயலப் பிடிச்சுக் கடையிலயே திருப்பிக் குடுத்துருவோம்.”

“பிடிங்க பாப்போம்.”

இன்னாசி வலையை எடுத்தார். நீலவேந்தன் ஒரு பொந்தில் நுழைந்து இன்னொரு பொந்தில் எட்டிப் பார்த்தது. இன்னாசிக்குத் தோள்வரை நனைந்தது. சட்டை நனைந்தது. தரை நனைந்தது. மீன் மட்டும் சிக்கவில்லை.

“பாறைய மொத்தமா வெளிய எடுத்தாத்தான் இவனப் பிடிக்க முடியும்,” என்று மூச்சு வாங்கினார்.

“என்னைப் பிடிக்க வந்தார்கள்!” என்று நீலவேந்தன் கொக்கரித்தது.

“பிடிக்கவா? உங்களோடு கைகுலுக்க வந்தார்கள், தலைவரே! கூச்சத்தில் திரும்பிவிட்டார்கள்!” என்றது நண்டு.

ஜெசிந்தா கீரையை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்தார்.

“அதுக்கு என்ன, சண்டை போடணும். அவ்வளவுதானே? ஒரு ஆளக் குடுத்துருவோம். நம்ம பைக் கண்ணாடியில ஒரு குருவி வந்து, எதிர்ல இன்னொரு குருவி இருக்குன்னு நாள் பூரா கொத்திக்கிட்டுக் கெடக்குல்லா? அது மாதிரி.”

இன்னாசி முகம் மழிக்கிற கண்ணாடியை எடுத்துவந்தார். தொட்டியின் இடது பக்கச் சுவரில், வெளியே, அதை டேப் போட்டு ஒட்டினார்.

“நான் எதப் பாத்து ஷேவ் பண்ண?” என்றார்.

“கொஞ்ச நாளு தாடியோட இருங்க. மீனுக்கு நேர்ச்சைன்னு கேக்கவங்ககிட்டச் சொல்லுங்க.”

அப்போது நீலவேந்தன் செவ்வாலியைத் தேடி மறுபடியும் மேலே கிளம்பியிருந்தது. பாதி வழியில் இடது பக்கம் திரும்பியது. அப்படியே நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நீல மீன்! வால் மஞ்சள்! முறைத்துப் பார்க்கிறது!

“யாரடா நீ?” என்று நீலவேந்தன் கத்தியது.

அந்த மீனும் வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

“நண்டே! சீக்கிரம் வா! எதிர்க்கரையில் ஒருவன் நிற்கிறான்! வாயை அசைக்கிறான், பேச்சு வரவில்லை!”

“சத்தம் போடாமல் திட்டுகிறான், தலைவரே! அதுதான் மோசமான வகை!” என்று சொல்லிக்கொண்டே நண்டு ஊர்ந்து வந்தது. வந்து பார்த்தது.

எதிர்க்கரை மீனின் காலடியில் ஒரு நண்டும் நின்றது. அதே இரவல் சங்கு. சங்கின் மேல் அதே அழுக்கு. நண்டு இடது கொடுக்கைத் தூக்கியது. அந்த நண்டும் தூக்கியது. நண்டுக்கு உடனே எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்ததும் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டது.

“என்ன பார்த்தாய்?” என்றது நீலவேந்தன்.

“அவன் பக்கத்தில் ஒரு நண்டும் இருக்கிறது, தலைவரே! கேவலமான பிறவி! பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது!”

“அவன் எவ்வளவு பெரியவன்?”

“உங்கள் அளவுதான்.”

“என்ன?”

“உங்கள் அளவில் பாதி என்று சொல்ல வந்தேன், தலைவரே!”

நீலவேந்தன் பாய்ந்து முட்டியது. எதிரியும் அதே நேரத்தில், அதே இடத்தில் முட்டியது. நீலவேந்தன் பின்வாங்கியது. எதிரியும் பின்வாங்கியது.

“பார்த்தாயா? பயந்து பின்வாங்குகிறான்!”

“நடுங்குகிறான், தலைவரே!”

நீலவேந்தன் மறுபடியும் முட்டியது. அன்று முழுவதும் முட்டியது. சாப்பாடு வந்தது. இறால் துணுக்குகள் பனி போலத் தண்ணீரில் மிதந்து இறங்கின.

“போர்க்களத்தில் விருந்தா? எனக்கு வேண்டாம்!” என்றது நீலவேந்தன்.

“உங்கள் பங்கை நான் பாதுகாத்து வைக்கிறேன், தலைவரே.”

“எங்கே வைப்பாய்?”

“யாரும் திருட முடியாத இடத்தில்!” என்று சொல்லிவிட்டு நண்டு மென்று விழுங்கியது.

மறுநாள் நத்தை அந்தப் பக்கச் சுவருக்கு வந்து சேர்ந்தது. நீலவேந்தனின் வாய் வீங்கியிருந்தது. நத்தைக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“அங்கே யாரும் இல்லை,” என்றது. “வெளியே கண்ணாடி ஒட்டியிருக்கிறார்கள். அது நீதான்.”

“நானா? இவ்வளவு அசிங்கமாகவா இருக்கிறேன் நான்?”

“தலைவரே!” என்று நண்டு இடையில் புகுந்தது. “ஒன்று கேட்கிறேன். இந்த நத்தை எப்போது பார்த்தாலும் சுவர்மேலேயே நடக்கிறதே, ஏன்? எல்லைச் சுவரில் இதற்கு என்ன வேலை?”

“துடைக்கிற வேலை,” என்றது நத்தை.

“துடைத்தால் யாருக்கு லாபம்? இந்தப் பக்கம் அவனுக்கு நன்றாகத் தெரியும்! ஒற்று வேலை, தலைவரே! பச்சையான ஒற்று வேலை!”

நீலவேந்தனின் கண்கள் பெரிதாயின. “துரோகி!” என்று நத்தையை முட்டித் தள்ளியது. நத்தை சுவரிலிருந்து பிடி நழுவி மணலில் விழுந்தது. நல்லவேளை, கால் பக்கம் கீழே இருக்கும்படி விழுந்தது. மல்லாந்து விழுந்திருந்தால் அதனால் எழுந்திருக்கவே முடிந்திருக்காது.

“நல்லது. இனி நான் வலது பக்கத்தை மட்டும் துடைக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு நத்தை தன் வழியில் போயிற்று. அந்த வழியில் போய்ச்சேர அதற்குச் சாயங்காலம் ஆயிற்று.

நீலவேந்தனுக்கு இடையிடையே வீட்டு நினைவு வந்தது.

“நண்டே, தோட்டம் என்ன ஆயிற்று? ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு...”

“திரும்பாதீர்கள், தலைவரே! நீங்கள் முதுகைக் காட்டினால், ஓடிவிட்டீர்கள் என்று அவன் ஊரெல்லாம் சொல்வான்! தோட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்!”

“நீயா?”

“இதுவரை நான் அதில் கால் வைத்திருக்கிறேனா?”

அது உண்மைதான். நீலவேந்தன் நெகிழ்ந்துபோய் அனுமதி கொடுத்தது. நண்டு பாறைமேல் ஏறி, ஓரத்திலிருந்து தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியது. விளக்கு அணைவதற்குள் பாதித் தோட்டத்தைப் பார்த்து முடித்துவிட்டது.

மேல் மூலையில் இருந்த செவ்வாலி இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பசியில் கண் மங்கியது. ஆனாலும் ஒன்று புரிந்தது. நீலவேந்தன் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

செவ்வாலி கொஞ்சம் இறங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் இறங்கியது. பாறைக்கு வால் நீளத் தூரத்தில் இருந்தபோது நீலவேந்தன் சட்டென்று திரும்பிவிட்டது!

“ஏய்! யாரைக் கேட்டு இறங்கினாய்?”

செவ்வாலியின் உடம்பு விறைத்தது. கண் தானாக மேலே போனது.

பாறை உச்சியில் நண்டும் விறைத்தது. தலைவர் இங்கே வந்தால் தோட்டத்தைப் பார்த்துவிடுவாரே!

“தலைவரே!” என்று அலறியது. “எதிரி முன்னேறுகிறான்! அவளை விடுங்கள்! அவள் எங்கே போய்விடப் போகிறாள்?”

“உனக்கு அப்புறம் இருக்கிறது!” என்று செவ்வாலியைப் பார்த்துக் கத்திவிட்டு நீலவேந்தன் போர்முனைக்குத் திரும்பியது. அங்கே எதிரியும் அப்போதுதான் திரும்பி வந்திருந்தது. இரண்டும் முட்டிக்கொண்டன.

செவ்வாலி கடைசிப் பொந்துக்குள் நுழைந்துவிட்டது. நெடுநேரம் மூச்சு வாங்கியது. பிறகு ஓர் இறால் துணுக்கு பொந்தின் வாசலில் மிதந்து வந்தது. செவ்வாலி தலையை நீட்டிக் கவ்வியது. அந்தக் கடலில் அதற்கு அதுதான் முதல் சாப்பாடு.

உச்சியிலிருந்து நண்டு எட்டிப் பார்த்தது. வாய் நிறையப் பாசி.

“இதோ பார், நான் உன்னைப் பார்க்கவில்லை. நீயும் என்னைப் பார்க்கவில்லை. சரிதானே?”

“நான் பார்த்தேன்,” என்றது செவ்வாலி. “சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. இருக்கிற ஒருவரும் போருக்குப் போய்விட்டார்.”

இப்படியே நாட்கள் போயின. விளக்கு அணைந்தால் எதிரி மறைந்துவிடும். “பதுங்குகிறான், தலைவரே! இப்போதுதான் விழிப்பாக இருக்க வேண்டும்!” என்று நண்டு சொல்லும். நீலவேந்தன் வீட்டுக்கு வராமல் அங்கேயே கிடக்கும். விளக்கு எரிந்தால் எதிரி சரியாக அதே இடத்தில் நிற்கும்.

“பார்த்தீர்களா? அவனும் வீட்டுக்குப் போகவில்லை!” என்று நண்டு சொல்லும்.

செவ்வாலி பாறையைச் சுற்றிப் பழகியது. எந்தப் பொந்து எந்தப் பொந்தில் திறக்கிறது, எங்கே திரும்பலாம், எங்கே திரும்ப முடியாது என்று கற்றுக்கொண்டது. நடுவில் ஒரு பொந்து இருந்தது. முன்வாசல், பின்வாசல் இரண்டும் உண்டு. நீரோட்டம் உணவை வாசலிலேயே கொண்டுவந்து போடும். அதுதான் நீலவேந்தன் படுத்த பொந்து. அதில் மணல் மேடிட்டிருந்தது. செவ்வாலி அதைத் தூர்வாரிக் குடியேறியது. கிழிந்த துடுப்பு ஆறிவந்தது.

ஒரு சனிக்கிழமை காலையில் ஜெசிந்தாவின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம்.

“இந்தத் தாடியோட கோயிலுக்கு வந்தீங்கன்னா, துட்டி கேக்க எழவு வீட்டுக்கு வந்தவருன்னு நெனைப்பாங்க,” என்றார் ஜெசிந்தா. “போய் மழிச்சிட்டு வாங்க.”

இன்னாசி தொட்டியிலிருந்து கண்ணாடியைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார்.

சரியாக அந்த நேரத்தில் நீலவேந்தன் முழு வேகத்தில் பாய்ந்துகொண்டிருந்தது. முட்டியது. நிமிர்ந்து பார்த்தது. எதிரி இல்லை! எதிர்க்கரையில் ஒரு சோபா மட்டும் தெரிந்தது.

“ஓடிவிட்டான்!” என்று அலறியது. “நண்டே! ஓடிவிட்டான்!”

“வெற்றி! வெற்றி!” என்று நண்டு இரண்டு கொடுக்குகளையும் தட்டியது. “எதிர்க்கரை கொண்ட மாவேந்தர் வாழ்க! அவன் உட்கார்ந்திருந்த ஆசனத்தைக்கூடப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறான், பாருங்கள்!”

நீலவேந்தன் சோபாவைப் பெருமையோடு பார்த்தது. பிறகு வீட்டுக்குக் கிளம்பியது. நேராக நீந்தக்கூடத் தெம்பில்லை. வாய் கொழுக்கட்டை போல வீங்கியிருந்தது.

பாறை உச்சி மொட்டையாக இருந்தது.

“தோட்டம் எங்கே?”

“போர்ச் செலவு, தலைவரே,” என்றது நண்டு.

நீலவேந்தன் தன் பொந்துக்குப் போனது. வாசலில் செவ்வாலி நின்றது.

“வெளியே வா! இது என் வீடு!”

“நீங்கள்தான் அந்த மூலைக்குக் குடி போய்விட்டீர்களே. நான் ஒருநாளாவது அங்கே வந்தேனா?”

“நான் நாட்டுக்காகப் போனேன்!”

“இந்த நாட்டில் நானும் இருந்தேன். என்னைக் கடிக்க ஆள் வராமல் இருந்தது அந்த நாட்களில்தான்.”

நீலவேந்தன் பாய்ந்தது. செவ்வாலி உள்ளே மறைந்தது. நீலவேந்தனும் உள்ளே புகுந்தது. உள்ளே யாரும் இல்லை. மெல்லத் திரும்பி வெளியே வந்தது. செவ்வாலி பின்வாசல் வழியாகச் சுற்றி வந்து முன்வாசலில் நின்றது. நீலவேந்தன் கடிக்க வாயைத் திறந்தது. வாய் பாதிகூடத் திறக்கவில்லை. வலியில் கண் கலங்கியது.

செவ்வாலி முதுகுத் துடுப்பைக் கொடி போல நிமிர்த்தியது. இந்த முறை மேலே பார்க்கவில்லை. நீலவேந்தனையே பார்த்தது.

நீலவேந்தனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஓடாத மீனைத் துரத்தி அதற்குப் பழக்கமில்லை.

நண்டு அவசரமாகக் கணக்குப் போட்டது. பாசி மறுபடியும் முளைக்கும். தலைவர் இங்கேயே இருந்தால் அதற்கு மறுபடியும் காவல் போடுவார்.

“தலைவரே!” என்றது. “போயும் போயும் ஒரு பொந்துக்காகவா இந்தப் பாடு? எதிர்க்கரையையே வென்றவர் பொந்துக்குள் ஒடுங்கலாமா? அது இருக்கட்டும், வென்ற நிலத்தில் இப்போது யார் காவல்?”

நீலவேந்தன் திடுக்கிட்டது. “யார் காவல்?”

“யாருமே இல்லை, தலைவரே! அவன் திரும்பி வந்தால்?”

“ஐயோ!” என்று நீலவேந்தன் திரும்பியது. போகிற போக்கில் செவ்வாலியிடம் தலையை நிமிர்த்திச் சொன்னது: “இந்தப் பொந்தை உனக்குத் தானமாகக் கொடுத்தேன்!”

“ரொம்ப நன்றி, ஐயா,” என்று சொல்லிவிட்டுச் செவ்வாலி வாசல் மணலை வாய் வாயாக அள்ளி வெளியே போடத் தொடங்கியது.

இடது மூலையில் பாறை கிடையாது. பொந்து கிடையாது. அலை மோட்டாரின் வேகம் முழுவதும் அங்கேதான் வந்து மோதும். நின்ற இடத்தில் நிற்பதற்கே நாள் பூராவும் நீந்த வேண்டும். நீலவேந்தன் நீந்திக்கொண்டே நின்றது.

நத்தை அந்த வழியாக வந்தது.

“நில்! இது வென்ற நிலம்!”

“அப்படியா? இங்கே என்ன விளையும்?”

“பெருமை!”

“அதையா சாப்பிடப் போகிறாய்?” என்று கேட்டுவிட்டு நத்தை ஊர்ந்து போயிற்று. நீலவேந்தன் பதிலை யோசித்து யோசித்துக் களைத்தபோதும் அது இன்னும் பக்கத்தில்தான் இருந்தது. நீலவேந்தன் சோபாவை முறைக்கத் திரும்பிவிட்டது.

அங்கே பாறையடியில் நண்டு செவ்வாலியின் வாசலுக்கு வந்து பணிவாகச் சங்கைத் தாழ்த்தியது.

“அரசியே! உங்கள் துடுப்பின் கம்பீரம் இருக்கிறதே...”

“என்ன வேண்டும் உனக்கு?”

“எனக்கு ஒன்றும் வேண்டாம், அரசியே. உங்களுக்கு எதிரிகள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன்.”

“யாரும் இல்லை.”

“நன்றாக யோசித்துப் பாருங்கள்! கண்டிப்பாக இருப்பார்கள்!”

செவ்வாலி வாயில் இருந்த மணலை அதன் முகத்தில் துப்பிவிட்டு உள்ளே போய்விட்டது.

கல்யாணம் முடிந்து சாயங்காலம் இன்னாசியும் ஜெசிந்தாவும் வீடு திரும்பினார்கள். இன்னாசி மழுமழுவென்ற கன்னத்தைத் தடவிக்கொண்டே தொட்டிக்குள் குனிந்து பார்த்தார்.

“பாத்தியா ஜெசி! பய திருந்திட்டான். யாரு வம்புக்கும் போவாம மூலையில ஒதுங்கி நிக்கான்.”

ஜெசிந்தாவும் குனிந்து பார்த்தார். நீல மீன் சோபாவை முறைத்துக்கொண்டிருந்தது.

“திருந்தல்லாம் இல்ல,” என்றார். “காவல் காக்கான்.”

துதிபாடுகிறவன் பேச்சைக் கேட்டு, இல்லாத எதிரியோடு மல்லுக்கு நிற்கிறவனுக்கு வெற்றி மிஞ்சினாலும் வீடு மிஞ்சாது.